இறங்குவதா, கரையில் நிற்பதா?



இலக்கியத் தொடரில் இவன் விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். நான் சொல்லப்போவது என் வாழ்க்கையில் ஒரு கிழமை நடந்த மனப் போராட்டம். அந்தக் கிழமையில் எனக்குத் துணையாக வந்தவர் திருவள்ளுவர்தான். பேச்சு முடிவதற்குள் புறநானூற்றுக் கிழவர் ஒருவரும் வந்து சேருவார்.

எனது ஊர் நானாட்டான். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள் முருங்கனைக் கடந்ததும் நேரே தள்ளாடி, தாம்போதி என்று தீவுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊர் அந்தப் பெருந்தெருவிலிருந்து விலகி உள்ளே கிடப்பது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல்கள் ஒரு பக்கம். மருத மரங்கள் நிரையாக நிற்கும் அருவியாறு இன்னொரு பக்கம். கொஞ்சத் தூரத்தில் வங்காலைக் கடல். நான் பாடசாலை ஆசிரியன். மூன்று ஏக்கர் வயலும் உண்டு. பெரும்போகத்தில் அந்த வயல்தான் எங்கள் வீட்டின் வருஷத்துச் சோறு.

2019ஆம் ஆண்டு. எனக்கு அப்போது 51 வயது. அக்காவின் மகன், எனது மருமகன், பத்தொன்பது வயதுப் பொடியன். இருவரும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம். தென்கரை நகரொன்றில் மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த போட்டி. முதலில் கடலில் ஒன்றரைக் கிலோமீற்றர் நீச்சல். கரையேறி ஈர உடம்போடு 40 கிலோமீற்றர் சைக்கிள். இறங்கியதும் 10 கிலோமீற்றர் ஓட்டம். ட்ரையத்லன் என்பார்கள். மூவினைப் போட்டி என்று நாங்கள் சொல்லிக்கொள்வோமே. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது வைத்த தூரங்களும் இவைதான். இதற்கு ஓர் அண்ணனும் உண்டு. 1978இல் ஹவாய்த் தீவுகளில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த போட்டி அது. 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மரதன். அதில் பாதித் தூரப் போட்டி 2018இலும் 2019இலும் கொழும்பிலேயே நடந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துத்தான் மருமகனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அவனிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டது.

தைப்பொங்கல் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. விடியப்புறம் நாலரைக்கு எழும்பி முருங்கன், உயிலங்குளம் என்று சைக்கிளில் போவோம். பின்னேரங்களில் வயல் வரம்பு நெடுக ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் வங்காலைக் கடல். ஊர்ச் சனம் முதலில் சிரித்தது. பிறகு பழகிவிட்டது. அதன் பிறகுதான் வெட்டு வந்தது.

பெரும்போக அறுவடை என்றால் என்னவென்று வயல் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறுவடை இயந்திரம் எங்கள் முறைக்கு எப்போது வருமென்று தெரியாது. அது நடுச்சாமத்தில் வந்தாலும் நாங்கள் வரம்பில் நிற்க வேண்டும். வெட்டிய நெல்லை வீதி ஓரத்தில் பரப்பிக் காயவைத்தால் இரவில் காவல். அந்த வருஷம் காலம் தப்பிய மழைத்தூறல் இரண்டு முறை வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு படங்கு இழுத்து மூடினோம். பகலில் பாடசாலை, பரீட்சைத் தாள்கள். ஐந்து கிழமைகள் ஓட்டமும் இல்லை, நீச்சலும் இல்லை, நித்திரையும் இல்லை. மருமகனும் என்னோடுதான் நின்றான்.

மார்ச் 24ஆம் திகதி, போட்டிக்கு ஏழு நாள் இருக்கையில், வங்காலையில் இறங்கிப் பார்த்தோம். வழக்கமாக நாற்பது நிமிடத்தில் நீந்தும் தூரம். பாதி வழியிலேயே கை இரண்டும் உலக்கையாகிவிட்டது. மூச்சு, கணக்குக்கு வரவில்லை. நெஞ்சு காதுக்குள் அடித்தது. எப்படியோ கரை சேர்ந்தேன். “எப்படி மாமா?” என்று மருமகன் கேட்டான். “சுகமா இருக்குத் தம்பி” என்றேன். “எனக்கும் சுகம்தான்” என்றான் அவன். வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் சிநேகிதர், கடற்றொழிலாளி ஒருவர், தலை நிமிராமல் சொன்னார்: “மாஸ்டர், நித்திரை முழிச்ச கண்ணோட நாங்கள் தொழிலுக்குப் போறதில்லை. வலை போனா வாங்கலாம்.” அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நேயர்களே, போவதா விடுவதா என்ற கேள்வி அந்த இடத்தில்தான் தொடங்கியது. போட்டிக் கட்டணம் கட்டியாகிவிட்டது. வாகனம் பேசியாகிவிட்டது. பாடசாலையில் பிள்ளைகள், “சேர், ஞாயிற்றுக்கிழமைதானே?” என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மருமகன். நான் வராவிட்டால் அவன் வரமாட்டான். அல்லது அதைவிட மோசமாக, தனியே போய்க் கடலில் இறங்கிவிடுவான். அவனுக்கு நீச்சல் பழக்கியவன் நான்தான். அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

இப்படியான வேளையில் மனிதன் கதைகளைத் தேடுகிறான். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் எங்கள் நாட்டின் கருணானந்தா. 1964 ஒக்டோபர் 14ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டம். அமெரிக்கரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். எல்லோரும் ஓடி முடித்து மைதானம் ஓய்ந்த பிறகும், உடல்நலம் குன்றியிருந்த கருணானந்தா தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்த சனம் பிறகு எழுந்து நின்று கைதட்டியது. அவர் முடித்தபோது 34 நிமிடம் 21.2 செக்கன். முதல்வனுக்கும் கடைசியானவருக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு நிமிடங்கள். பதக்கம் பெற்ற பலரை மறந்த ஜப்பானியர் இவரை மறக்கவில்லை. பாடப்புத்தகத்திலே சேர்த்துத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்து ஹவாய்ப் போட்டியில் 1982இல் ஓடிய ஜூலி மொஸ் என்ற மாணவி. கல்லூரி ஆய்வுக்குத் தகவல் சேர்க்கவென்று அந்தப் போட்டியில் இறங்கியவர். முன்னணியில் வந்து, முடிவுக் கோட்டுக்குச் சில மீற்றர் இருக்கையில் கால் மடிந்து விழுந்தார். இன்னொரு பெண் கடந்து போய் வென்றார். ஜூலி தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள்.

இந்தக் கதைகளை நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. போவோம், தவழ்ந்தாவது முடிப்போம் என்று முடிவுகட்டினேன். அன்றிரவுதான் இன்னொரு எண்ணம் வந்தது. தவழ்ந்து முடித்தவர்களின் கதைதானே எங்களுக்குத் தெரியும்? வேண்டாமென்று வீட்டில் நின்றவனின் கதையை யார் எழுதினார்கள்? முடியாமல் போனவனின் கதையைத்தான் யார் பாடப்புத்தகத்தில் போட்டார்கள்? நாங்கள் கேட்கும் கதைகளெல்லாம் கரை சேர்ந்தவர்களின் கதைகள். அவற்றை மாத்திரம் வைத்துக் கணக்குப் போட்டால் விடை பிழைக்கும்.

கரை சேராதவர் ஒருவர் நம்மவரே. வல்வெட்டித்துறை ஈன்ற ஆழிக்குமரன் ஆனந்தன். எங்கள் மன்னார்க் கடலைப் பற்றிப் பேசிவிட்டு அவர் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்று நவரத்தினசாமி. 1954இல் வடமராட்சிக் கரையிலிருந்து கோடியக்கரை வரை, 27 மணித்தியாலங்கள் அளவில் நீந்தினார். 1966 ஏப்ரலில் இந்தியரான மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். ஆனந்தன் 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதோடு நிற்காமல், திரும்பி நீந்தியே வந்தார். போகவர 51 மணித்தியாலம்! இரண்டு பகல், இரண்டு இரவு. அரை நூற்றாண்டு யாரும் அதைத் தொடவில்லை. 2021 ஏப்ரலில்தான் விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர அதே தூரத்தை 28 மணி 19 நிமிடத்தில் போய்வந்தார்.

அப்படிப்பட்ட ஆனந்தன், 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். வயது 41. அந்த மாவீரனின் துணிவை எடைபோட எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஆங்கிலக் கால்வாயின் மிக ஒடுங்கிய இடமும் 33, 34 கிலோமீற்றர்தான். தூரத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கோடையிலும் எங்கள் கடலைவிடப் பத்துப் பாகை அளவு குளிர்ந்தது. மனிதன் அதே மனிதன். கடல் வேறு கடல்.

அன்றிரவு திருக்குறளை எடுத்தேன். பொருட்பாலிலே 48ஆம் அதிகாரம் வலியறிதல். 49 காலமறிதல். 50 இடனறிதல். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார் பாருங்கள். அரசனுக்குச் சொன்னது என்று நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கிய அதிகாரங்கள். அன்றிரவு அவை வங்காலைக் கரையில் நின்ற எனக்கே எழுதப்பட்டவை போல இருந்தன.

வலியறிதலின் முதற்குறளில் நான்கு வலிகளைத் தூக்கிப் பார்த்துச் செய்யச் சொல்கிறார். செய்யும் வேலையின் வலி, தன்னுடைய வலி, எதிராளியின் வலி, துணையாக நிற்பவரின் வலி. ஒரு கொப்பித் தாளை எடுத்து நான்கு கோடு போட்டேன். ஆசிரியன் புத்தி எங்கே போகும்?

முதலாவது, வேலையின் வலி. 40 கிலோமீற்றர் சைக்கிளும் 10 கிலோமீற்றர் ஓட்டமும் எனக்குப் பயமில்லை. களைத்தால் இறங்கி நிற்கலாம், மர நிழலில் குந்தலாம், நடக்கலாம். தரையில் நிற்பது சும்மா நிற்பதுதான். தண்ணீரில் அப்படியல்ல, அங்கே நிற்பதற்கும் நீந்த வேண்டும். அமெரிக்க மூவினைப் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த திடீர் மரணங்களையும் இதயம் நின்றுபோன சம்பவங்களையும் விபத்து மரணங்களையும் வைத்தியர்கள் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 135. அதில் 90, நீச்சலின்போது நடந்தவை. போட்டியில் மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பகுதி நீச்சல். ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்குள்ளேதான். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் நடுவயது தாண்டிய ஆண்கள். கொப்பித் தாளில் என் வயதையும் எழுதினேன்.

இரண்டாவது, தன் வலி. இதில்தான் மனிதன் தன்னையே ஏமாற்றுகிறான். நான் எழுத நினைத்தது தை மாதத்து என்னை. எழுத வேண்டியதோ பங்குனி மாதத்து என்னை. காலையில் படுக்கையிலேயே நாடி பிடித்துப் பார்த்தேன். வழக்கமாக நிமிடத்துக்கு 60 அளவில் இருப்பது 74. உடம்பு இன்னும் வயலிலேயே நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? மிச்சமுள்ள ஒரு கிழமையில் விழுந்து விழுந்து பயிற்சி எடுக்கலாமே என்றும் யோசித்தேன். ஆனால் உடம்பு பயிற்சியால் வலுப்பது பயிற்சியின்போதல்ல, அதற்குப் பிந்திய ஓய்வின்போது. இன்று விதைத்து நாளை வெட்ட முடியாது. வயல்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசிக் கிழமையில் கூட்டக்கூடியது களைப்பை மாத்திரந்தான்.

தம்முடைய வலியை அறியாமல், ஊக்கம் தள்ளத் தள்ளப் புறப்பட்டு நடுவழியில் முறிந்தவர்கள் பலர் என்று அதே அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். ஊக்கம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. ஊக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வைத்தவர் அவர். ஊக்கம் வண்டிக்காளை என்றால், வலி வண்டியின் அச்சு. காளை நல்ல காளை என்பதற்காக அச்சு தாங்கிவிடாது. ஏற்றியது மயிலிறகேயானாலும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்ற அவருடைய உவமை, நெல் மூட்டைகளை உழவு இயந்திரப் பெட்டியில் அளவுக்கு மேல் ஏற்றி முருங்கன் வீதியில் அச்சு முறிந்து நின்ற எனக்கு நன்றாக விளங்கியது. அதுவும் அதே மாதம் நடந்ததுதான்.

மூன்றாவது, எதிராளியின் வலி. என்னோடு ஓடுகிற பொடியன்கள் எனக்கு எதிராளிகள் அல்ல. அவர்கள் முன்னால் போகட்டும். என் எதிராளி கடல். அதுவும் நான் பழகாத தென்கரைக் கடல். வங்காலைக் கடல் ஆழமில்லாத கடல். நெடுந்தூரம் நடந்து போகலாம். எங்கே நீரோட்டம் இழுக்கும், எங்கே சொறி மிதக்கும் என்று தெரியும். தென்கரையில் அலை உயரம், கரையிறங்கியதும் ஆழம். இடனறிதலில் வள்ளுவர் முதலையைக் கொண்டுவருகிறார். ஆழத் தண்ணீரில் அது எல்லாவற்றையும் வெல்லும். தண்ணீரை விட்டு வெளியே வந்தால் மற்றவை அதை வெல்லும். அருவியாற்று முதலைக்குப் பயந்தே நீச்சல் பழகியவன் நான். வங்காலையில் நான் முதலை என்றால், தென்கரையில் கரையேறிய முதலை.

நான்காவது, துணைவலி. இந்த வரிசையில் தாராளமாக எழுதினேன். மருமகன் இருக்கிறான், இளரத்தம். பக்கத்தில் நீந்துவான் என்று. எழுதிவிட்டு யோசித்தேன். அவனுடைய தாளில் அவன் என்ன எழுதுவான்? மாமா இருக்கிறார் என்றல்லவா எழுதுவான்? மிஹிர் சென் நீந்தியபோது இந்தியக் கடற்படைக் கலங்கள் கூடவே வந்தன. துணை என்றால் அது. நீந்தத் தெரியாத இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் வேறு.

நான்கு வரிசையும் ஒரே விடையைத்தான் சொன்னன. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வள்ளுவரையே வள்ளுவருக்கு எதிர்ச் சாட்சியாகக் கூப்பிட்டேன். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. தெய்வத்தால் ஆகாததாயினும் உடம்பை வருத்திய முயற்சி தன் கூலியைத் தந்தே தீரும் என்று அங்கே சொல்கிறாரே! அப்படியானால் போகத்தானே வேண்டும்? இரண்டையும் ஒருவரே சொன்னால் எதை எடுப்பது?

இதற்கு விடை எனக்கு அபேபே பிகிலாவின் வாழ்க்கையில் கிடைத்தது. எத்தியோப்பியாவின் அந்த மரதன் வீரர் 1960இல் றோமாபுரியில் வெறுங்காலோடு ஓடி வென்றவர். 1964 டோக்கியோவுக்குச் சில கிழமைகளே இருக்கையில் குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஓடினார், வென்றார். இது ஆள்வினையுடைமை. அதே பிகிலா 1968இல் மெக்சிக்கோவில் கால் எலும்பில் முறிவோடு ஓடத் தொடங்கி, 17 கிலோமீற்றர் அளவில் விலகிக்கொண்டார். இது வலியறிதல். இரண்டு முறையும் அவர் அதே பிகிலாதான். முதல் முறை வீரன், இரண்டாம் முறை கோழை என்று யார் சொல்வார்கள்? கருணானந்தாவும் தரையில்தான் ஓடினார். நினைத்த இடத்தில் நிற்கக்கூடிய ஓட்டத்தில் நிற்காமல் ஓடினாரே, அதுதான் அவருடைய பெருமை. நிற்க முடியாத இடத்தில் நிற்காமல் போவதில் பெருமை ஏது?

முயற்சிக்குக் கூலி உண்டு என்றவர், அந்தக் கூலியை வாங்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. கொப்பின் நுனி வரை ஏறியவன் அதற்கு மேலும் ஏற முயன்றால் உயிருக்கே முடிவு என்று வலியறிதலில் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டு அதிகாரமும் சண்டை பிடிக்கவில்லை. எந்த வேளைக்கு எது என்று பார்க்கும் வேலையை எங்களிடம் விட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். மருமகன் முற்றத்தில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் திண்ணையில் இருந்தேன். கடைசியில் சொன்னேன்: “தம்பி, எனக்கு ஏலாது. அண்டைக்கு உனக்குச் சொன்னது பொய். பாதியில மூச்சுப் போட்டுது.”

அவன் எண்ணெய்க் குப்பியை நிலத்தில் வைத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, எனக்கும் ஏலாது. ரெண்டு தரம் தண்ணி குடிச்சனான். நீங்கள் போறதெண்டு நிக்கிறியள், நான் விட்டா நீங்கள் தனியப் போவியள் எண்டுதான் பேசாம இருந்தனான்” என்றான்.

நேயர்களே, எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போய்விட்டது. அவனுக்காக நான், எனக்காக அவன். இருவருக்கும் விருப்பமில்லாத, இருவருக்கும் வலுவில்லாத ஒரு கடலில், ஒருவருக்கொருவர் துணை என்று சொல்லிக்கொண்டு இறங்கப் போயிருக்கிறோம். இரண்டு பொய்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. குடும்பங்களிலும் ஊர்களிலும் நாடுகளிலும் இப்படி எத்தனை காரியங்கள் நடந்திருக்கும் என்று பிறகு பல நாள் யோசித்தேன். யாருக்கும் மனமில்லை, ஆனால் மற்றவன் மனதோடு நிற்கிறான் என்று ஒவ்வொருவனும் எண்ணிக்கொண்டு எல்லோருமாகப் போய் விழுந்திருப்பார்கள்.

உள்ளே இருந்து அக்கா, “என்னடா தம்பி, ரெண்டு பேரும் செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறியள்?” என்று தேத்தண்ணியோடு வந்தா. “செத்த வீடு இல்லையக்கா” என்று சொல்லிச் சிரித்தேன். அவவுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை. பகல் பத்து மணி வரைக்கும் நித்திரை கொண்டேன். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பொடியன் எழும்பி, “சேர் எத்தினையாம்?” என்று கேட்டான். “போகேல்லைத் தம்பி” என்றேன். “ஏன் சேர்?” “களைப்பு. பயிற்சி காணாது.” வகுப்பு அமைதியாகிவிட்டது. முடித்துவிட்டு வந்து சொன்னால் கைதட்டியிருப்பார்கள். களைப்பென்று ஒரு பெரியவர் சொல்லி அவர்கள் கேட்டதில்லைப் போலும். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மாத்திரம், ஆறுதல் சொல்வது போல, “அடுத்த வருஷம் போகலாம் சேர்” என்றாள்.

அடுத்த வருஷம். காலமறிதலிலே வள்ளுவர் ஆட்டுக்கடாவைக் காட்டுகிறார். அது பின்வாங்குவது ஓடிப்போவதற்கல்ல, பாய்ந்து முட்டுவதற்கு. கொக்கையும் காட்டுகிறார். வங்காலைச் சேற்று நிலத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்குகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவற்றின் பொறுமை எனக்குத் தெரியும். நாங்களும் அப்படித்தான் எண்ணிக்கொண்டோம். வெட்டுக்கு ஆள் ஒழுங்கு செய்தோம். 2020 தை மாதம் பயிற்சி நல்ல நிலையில் இருந்தது. மாசியிலும் விடவில்லை. 1,500 மீற்றரை 36 நிமிடத்தில் நீந்தினேன். நாடி 58. நான்கு வரிசையும் எங்கள் பக்கம் சாய்ந்தன.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. கொரோனா. கடற்கரைக்குப் போகவே வழியில்லை. போட்டி எங்கே நடப்பது? அதற்கடுத்த வருஷமும் கைகூடவில்லை. பிறகு நாட்டில் எரிபொருள் இல்லை, உரம் இல்லை, எல்லாமே கேள்விக்குறி. 2022இல் மருமகன் வெளிநாடு போய்விட்டான். அவனுடைய சைக்கிள் எங்கள் வீட்டு மாலில் தொங்குகிறது. எனக்கு முழங்காலில் நோ வந்துவிட்டது. அந்தப் போட்டியை நான் இன்றுவரை ஓடவில்லை. இனி ஓடுவேன் என்றும் தோன்றவில்லை.

அப்படியானால் 2019இல் போயிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். கொக்குக்கு மீன் வராமலே பொழுது பட்டுவிடுவதும் உண்டு. வள்ளுவர் அதைச் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தெரிந்ததுதானே. விட்டதற்கு விலை இருந்தது, அந்த விலையை நான் கொடுத்தேன். சரியான முடிவென்றால் நெஞ்சு நோகாது என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கள். சரியான முடிவும் நோகும். நோகிறதே என்பதற்காக அது பிழையாகிவிடாது.

புறநானூற்றிலே 243ஆம் பாட்டு. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பாட்டில் வருகிற ஊன்றுகோலை வைத்தே அவருக்குப் பெயரும் அமைந்துவிட்டது. கோல் ஊன்றி, இருமலுக்கு நடுவே பேசுகிற கிழவர் தன் இளமையை நினைக்கிறார். தண்ணீரின் மேல் சாய்ந்த மருத மரத்தில் ஏறி, கரையில் நின்றவர்கள் வியக்க ஆழ மடுவில் குதித்து, அடிமண்ணை அள்ளி வந்து காட்டிய இளமை இப்போது எங்கே போயிற்று என்று கேட்கிறார். எங்கள் அருவியாற்றங்கரை மருத மரங்களின் கீழ் அந்தப் பாட்டைப் படிக்கிற போதெல்லாம் நான் முன்பு இளமையை மட்டும் பார்த்தேன். இப்போது இன்னொன்றையும் பார்க்கிறேன். அந்தக் கிழவர் கிழவராகும் வரைக்கும் இருந்தார். குதித்த நாட்களும் இருந்திருக்கும், கிளையிலிருந்து இறங்கி வந்த நாட்களும் இருந்திருக்கும். இறங்கி வந்த நாட்களைப் பற்றி யாரும் பாடுவதில்லை. ஆனால் பாடுவதற்கு ஒருவரை மிச்சம் வைத்தவை அந்த நாட்கள்தான்.

போன மாதம் மருமகன் தொலைபேசியில் பேசினான். அவன் இருக்கிற நாட்டில் மூவினைப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம். “பயிற்சி எப்படித் தம்பி?” என்று கேட்டேன். “சுகமா...” என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். பிறகு, “நீச்சல் இன்னும் காணாது மாமா. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. காணாட்டிச் சொல்லுறன்” என்றான்.

எனக்கு அது போதும். களைத்தவன் களைப்பென்று சொல்லக்கூடிய ஒரு மாமா ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.